கனிப்பொருள் கண்ட கலாயோகி

எமது கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, வாகரைப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவராகிய நாம், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைப் பற்றி எழுதுவதென முடிவு செய்தோம். கலைக்கும் வாகரைக்கும் யாது தொடர்பென்று அன்பர் சிலர் வினவினர். நாம் எழுதப்புகுந்தது கலாயோகியின் கலைத்தொண்டைப் பற்றியன்று. அத்தொண்டுக்கு முன்னர் அவர் ஆற்றியதும், பலர் மறந்துவிட்டதுமான கனிப்பொருளாய்வுப் பணியைப் பற்றியே இங்கு விரித்துரைக்க விரும்புகின்றோம்.

வாகரைக் கடற்கரையை அறிந்தோர் அங்குள்ள கருமணலையும் அறிவர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் பின்வாங்கும்போது, வெண்மணலின்மேல் கரிய கோடுகள் இழைத்தாற்போலக் கிடக்கும். சிறுவயதில் அதனை அள்ளி விளையாடிய எமக்கு, அது யாதென எடுத்துச் சொல்வார் ஊரில் இல்லை. கல்லூரிக்கு வந்தபின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், நாம் சிறு போத்தலிற் கொண்டுவந்த மணலைத் தாளிலே பரப்பி, காந்தத்தால் மணிகள் சிலவற்றைப் பிரித்துக் காட்டினார். இவ்வாறு மண்ணை எடுத்து நோக்கி, அதன் பெயரறிந்து, இந்நாட்டுக் கனிப்பொருள்களைக் கணக்கெடுத்த முதல்வர் ஒரு தமிழர் மகன் என்று அவர் கூறினார். ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயரை நாம் முதன்முதற் கேட்டது கலைப்பாடத்திலன்று, விஞ்ஞானக் கூடத்திலேயாம்.

ஆனந்தர் 1877 ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஆங்கிலக் கணக்கில் ஓகத்து 22 ஆம் நாள், கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. கிறித்தவரல்லாத ஆசியருள் இங்கிலாந்தில் முதன்முதலாக வழக்கறிஞராக ஏற்கப்பட்டவரும், சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவரும், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் 1863 இல் வெளியிட்டவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வராவர். அன்னையார் எலிசபெத்து என்னும் ஆங்கிலமாது. குழந்தைக்கு ஈராண்டு நிறையுமுன்னரே, 1879 ஆம் ஆண்டு மே மாதத்தில், தந்தையார் காலமானார். அன்னையார் மகனை இங்கிலாந்தில் வைத்து வளர்த்தார். எனவே, தமிழரின் பிள்ளையாகப் பிறந்தும் தமிழ் கேளாத வீட்டிலே அவர் வளர நேர்ந்தது.

குளொசெஸ்ரர் மாகாணத்து உவைக்கிளிவு கல்லூரியில் அவர் பயின்றார். அங்கு அவருள்ளத்தைக் கவர்ந்தது மண்ணும் கல்லுமே. கல்லூரியின் அண்மையிலிருந்த தோவரோக் குன்றின் புவிச்சரிதம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1895 இல் அக்கல்லூரியின் சஞ்சிகையில் வெளிவந்தது. அவருடைய எழுத்துப் பணி ஒரு கல்லூரி மலரிலே தொடங்கியதென்பதை இம்மலரைப் படிக்கும் மாணவர் கருத்திற் கொள்வாராக. உலகம் போற்றிய நூல்கள் பலவற்றை இயற்றிய கை, முதலில் தன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற ஒரு சிறு குன்றைப் பற்றியே எழுதியது. கண்ணெதிரே நிற்பதை நுணுகி ஆராய்தலே விஞ்ஞானத்தின் முதற்படி என்க.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்து, புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை இலண்டன் புவிச்சரிதச் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1902 இல் இந்நாட்டின் பளிங்குருச் சுண்ணக்கற்களையும், காலிப் பகுதியில் வெளித்தோன்றும் பாறைத் தொகுதியையும் ஆராய்ந்து மேலும் இரு கட்டுரைகளை வெளியிட்டார். இலங்கையில் தோண்டப்பட்ட காரீயம் அந்நாளில் உலகச் சந்தையிற் பெரும்பெயர் பெற்றிருந்தது. உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு அது இன்றியமையாததாயிருந்தது. பொருள் கப்பலேறிச் சென்றதேயன்றி, அது பாறையில் எவ்வாறு உண்டாயிற்று என்னும் அறிவு இந்நாட்டிற் பரவவில்லை. அக்குறையை நீக்க முற்பட்டோருள் இருபத்து மூன்று வயதினராகிய ஆனந்தரும் ஒருவராவர்.

1903 இல் இலங்கைக் கனிப்பொருளளவை நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக அவர் அமர்ந்தார். இருபத்தாறு வயது நிரம்பாத இளைஞருக்கு நாடு முழுவதன் நிலத்தையும் ஆராயும் பொறுப்புக் கிடைத்தமை பெரிதேயாயினும், அவருக்குக் கிடைத்த வசதிகள் மிகச் சிறியவை. மாட்டுவண்டியே ஊர்தி, கூடாரமே வீடு, சம்மட்டியும் உருப்பெருக்குக் கண்ணாடியும் கருவிகள். 1902 இல் அவரை மணந்த எதெல் மேரி என்னும் ஆங்கிலப் பெண்மணி அப்பயணங்களில் உடன் சென்று நிழற்படம் பிடித்து உதவினார். ஊர் ஊராகச் சென்று பாறைகளைத் தட்டிப் பார்த்தும், ஆற்றுச் சரளையை அரித்தும், கண்டவற்றை ஆண்டறிக்கைகளாக எழுதியும் நான்காண்டு உழைத்தார். இவ்வாய்வுகளுக்காகவே இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தை வழங்கியது.

அவர் கண்ட புதுமைகளுள் இரண்டை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். முதலாவது, செரண்டிபைற்று என்னும் நீலநிறக் கனிப்பொருள். கண்டிப் பகுதியிற் கிடைத்த இதனைப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிறையர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1903 இல் உலகுக்கு அறிவித்தார். இலங்கையின் பழம்பெயராகிய செரண்டிப் என்பதே அதற்குப் பெயராயிற்று.

இரண்டாவது, தோரியனைற்று. இதன் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது. சபரகமுவாவிலே பலாங்கொடைப் பகுதியில், இல்லம் எனப்படும் இரத்தினக்கற் சரளையை அரிப்போரின் கூடையடியில் கரிய சிறு சதுரக் கற்கள் தங்குவதுண்டு. அவை நீரினும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனமுடையன. நீலக்கல்லையும் மாணிக்கத்தையும் தேடுவோர்க்கு அவற்றாற் பயனில்லை. ஆனந்தர் அக்கற்களை ஆராய்ந்து, அவை யுரேனியத்தைத் தரும் யுரனினைற்று என்று கருதினார். மாதிரிகள் இலண்டன் ஏகாதிபத்திய நிலையத்துக்குச் சென்றபோது, அங்கு இயக்குநராயிருந்த உவின்டம் தன்ஸ்ரன் அவற்றைப் பகுத்துப் பார்த்து, முக்காற் பங்களவு தோரிய ஒட்சைட்டே என்றும், இதுவரை அறியப்படாத புதுக் கனிப்பொருள் என்றும் 1904 இல் நிறுவிப் பெயருமிட்டார். ஆனந்தர் அக்கல்லுக்கு முதலிற் சொன்ன பெயர் பிழையாயிற்று. ஆயினும், பிறர் எறிந்துவிட்ட கல்லைப் புறக்கணியாது, அஃது அரியதென உணர்ந்து ஆய்வுக்கு வழி செய்தவர் அவரே. பிழைபடினும் சோதனைக்கு உட்படுத்துபவனே விஞ்ஞானி. பிழைக்கு அஞ்சிக் கல்லைத் தொடாதவன் எதனையும் அறியான். மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

தோரியத்துக்கு அந்நாளில் ஏன் அத்துணை மதிப்பு? ஒஸ்திரியராகிய அவுவர் பொன் வெல்சுபாக்கு என்பவர், தோரியமும் சிறிதளவு சீரியமும் ஊறிய துணிவலையைச் சுவாலையிற் சூடாக்கினால் வெண்ணொளி வீசும் என்று கண்டறிந்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரிய ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரிய ஒட்சைட்டும் கொண்ட அவ்வலைகளே ஐரோப்பிய நகரங்களின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் ஒளி தந்தன. மின்விளக்குப் பரவாத காலத்தில் வாயு விளக்குத் தொழிலின் உயிர்நாடி தோரியமே எனலாம். எமது ஊரிலும் கோயில் திருவிழாவுக்கும் கலியாணப் பந்தலுக்கும் இரவு மீன்பிடிக்கும் பெற்றோமக்ஸ் விளக்கை ஏற்றிய காலம் எமக்கு நினைவிருக்கின்றது. அதிற் கட்டும் மென்டில் என்பது அவ்வலையேயாம். ஒருமுறை எரிந்தபின் தொட்டால் உதிர்ந்துவிடும் அச்சாம்பற்பை தோரியத்தின் ஒட்சைட்டு என்பதை அப்போது நாம் அறிந்திலேம். பிற்காலத்திற் கதிர்வீச்சுக்கு அஞ்சிப் பல உற்பத்தியாளர் தோரியத்தை நீக்கி வேறு ஒட்சைட்டுகளைக் கையாளத் தொடங்கினர்.

இதனோடு அக்கல்லின் கதை முடிந்ததன்று. ஆனந்தர் பயின்ற அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், சேர் உவில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு 1904 இல் ஒற்றோ கான் என்னும் செருமானிய இளைஞர் வந்து சேர்ந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பைக் கொடுத்து, அதிலிருந்து இரேடியத்தைப் பிரிக்குமாறு இராம்சே பணித்தார். பிரிக்கப் புகுந்த கான், இரேடியத்துடன் வேறொரு கதிர்வீசும் பொருளும் இருப்பதைக் கண்டு, 1905 இல் அதற்கு இரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். இரசாயனவியலாளராகத் தொழிற்சாலைக்குச் செல்ல எண்ணியிருந்த கான், அக்கண்டுபிடிப்பின் பின்னர் கதிர்வீச்சாய்வையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். 1938 இன் முடிவில் அவரும் ஸ்திராசுமனும் பேர்லின் நகரிற் செய்த சோதனையே யுரேனிய அணுக்கரு பிளவுபடுவதை வெளிப்படுத்தியது. இலீசு மைற்னரும் பிரிசும் அதன் பொருளை விளக்கினர். அணுசத்தியின் யுகம் அங்ஙனம் பிறந்தது. சபரகமுவாச் சரளையிற் கிடந்த கரிய கல், அணுசத்தி வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இவ்வாறு இடம்பெற்றது.

அக்கல்லுள் ஈலியம் என்னும் வாயுவும் அடைபட்டிருந்தது. ஒரு கிராம் தோரியனைற்றைச் சூடாக்கினால் ஏறக்குறைய ஒன்பது கன சென்ரிமீற்றர் ஈலியம் வெளிப்படும். தோரியமும் யுரேனியமும் சிதையும்போது ஈலியம் உண்டாகின்றது; எனவே, கல்லில் எவ்வளவு ஈலியம் சேர்ந்துள்ளது என்று அளந்தால், அக்கல்லின் வயதை உய்த்துணரலாம். இம்முறையைக் கையாண்ட இசுத்திரற்று என்னும் அறிஞர் இலங்கைத் தோரியனைற்றையும் பயன்படுத்தினார். புவியின் வயதைப் பாறையையே சாட்சியாகக் கொண்டு கணிக்கும் புவிப்பௌதிகக் கலைக்கு இதுவும் ஓர் அடிக்கல்லாயிற்று. நாம் நிற்கும் இந்நாட்டுப் பாறைகள் ஏறக்குறைய ஐம்பத்தைந்து முதல் அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

தோரியம் இன்றும் சத்தித்துறையினரின் கருத்திலுள்ள பொருளாகும். அது தானே எளிதிற் பிளவுபடாது. நியூத்திரனை ஏற்று, இடைநிலை மாற்றங்களின் பின்னர் யுரேனியம் 233 ஆக மாறினால் எரிபொருளாகும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளில் தோரியம் செறிந்த மொனசைற்று மணல் மிகுதியாயிருப்பதால், இந்தியா இத்துறையிற் பெரிதும் முயல்கின்றது. கல்பாக்கத்தில் 1996 இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிறு உலை யுரேனியம் 233 ஐ எரிபொருளாகக் கொண்டது. தமிழ்க் கடற்கரையின் மணல், இவ்வாறு உலகின் எதிர்காலச் சத்திக் கணக்கில் இடம்பெற்றிருக்கின்றது.

இனி ஆனந்தரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். இத்துணைச் சிறப்பான துறையில் முன்னேறிய ஒருவர், 1906 இன் பின்னர் கனிப்பொருளளவையை விட்டு நீங்கியது ஏன்? பலரும் இதனை ஒரு திடீர் மாற்றமாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பாறையைத் தேடிச் சென்ற வழியெல்லாம் அவர் ஊர்களைக் கண்டார். கண்டி நாட்டுச் சிற்றூர்களில் தச்சரும் கன்னாரும் ஓவியரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கைவினைகள், இறக்குமதிப் பொருளின்முன் நிற்கமாட்டாது மறைந்துகொண்டிருந்தன. அழகிய பழங்கோயிற் சுவர்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. நாட்டிலிருந்து எவற்றை எடுத்துச் செல்லலாம் என்று கணக்கெழுதுவதே அவருடைய உத்தியோகம். அக்கணக்கை எழுதிய கையே, நாட்டிலிருந்து எவை அழிந்து போகின்றன என்ற மற்றொரு கணக்கையும் எழுதத் தொடங்கிற்று. சரளையில் எறியப்பட்ட கரிய கல்லின் அருமையைக் கண்ட கண், ஊரார் எறியத் துணிந்த கலையின் அருமையையும் கண்டது. பார்வை ஒன்றே, பார்க்கப்பட்ட பொருளே வேறு.

1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைப்பதில் அவர் முன்னின்றார். நடையுடையிலும் கல்வியிலும் அந்நியரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினார். தமிழ் கேளாது வளர்ந்தவர் தாய்மொழிக்காக வாதிட்டார் என்பது நோக்கற்பாலது. கண்டி நாட்டுக் கலைகளைப் பற்றித் தாம் திரட்டிய செய்திகளை இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கி, 1908 இல் இங்கிலாந்தில் 425 பிரதிகளே அச்சிட்டார். அந்நூலில் ஒரு விஞ்ஞானியின் கையைக் காணலாம். கைவினைஞர் கையாண்ட கருவி, நிறம், அளவு, செய்முறை ஆகிய யாவும் பாறை மாதிரிகளை வகைப்படுத்துவதுபோல ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளன.

அதன்பின் இந்தியாவெங்கும் சென்று, இராசபுத்திர ஓவியங்களை உலகறியச் செய்தார். 1917 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்று, முப்பதாண்டு அங்கேயே பணியாற்றினார். சிவபெருமானின் ஆனந்த நடனத்தின் பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய கட்டுரையைக் கொண்ட நூல் 1918 இலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927 இலும் வெளிவந்தன. தம் எழுபதாவது பிறந்தநாளின்போது, ஓய்வு பெற்று இந்தியா சென்று இமயமலைச் சாரலில் தங்கும் எண்ணத்தை நண்பருக்கு வெளியிட்டார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1947 செத்தெம்பர் 9 ஆம் நாள், பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

மட்டக்களப்பார்க்கு 1947 மறக்கவொண்ணாத ஆண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் அவ்வாண்டு யூலை 19 ஆம் நாளே மறைந்தார். அவரும் முதலில் விஞ்ஞானம் கற்றவர்; விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர்; பின்னர் துறவு பூண்டு, யாழ் நூல் என்னும் இசையாராய்ச்சி நூலைப் பௌதிகவறிவும் கணிதவறிவும் துணையாக இயற்றியவர். ஏறக்குறைய ஏழு வாரங்களுக்குள் ஈழம் இருபெருந் தமிழரை இழந்தது. விஞ்ஞானம் கற்றவன் பண்பாட்டை மறப்பான் என்றும், பண்பாட்டைப் போற்றுபவனுக்கு விஞ்ஞானம் வேண்டாவென்றும் கூறுவார்க்கு இவ்விருவர் வாழ்க்கையுமே தக்க விடையாம்.

இறுதியாக, எம் ஊரின் கருமணலுக்கு வருவோம். அம்மணலில் இல்மனைற்று என்னும் இரும்புத் தைத்தேனிய ஒட்சைட்டு உண்டு. வெண்ணிறப் பூச்சு முதலியவற்றுக்கு அது மூலப்பொருள். வடக்கே புல்மோட்டையில் இத்தகைய மணல் பல்லாண்டாக அகழப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. அண்மைக் காலத்தில் வாகரைக் கரையிலும் மணலகழும் முயற்சிகள் எழுந்தன. ஊரவர் எதிர்ப்பும் எழுந்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கண்ட மக்கள், கரைமேட்டு மணலைத் தம் வீட்டு மதிலாகக் கருதுவதில் வியப்பில்லை. தோணியும் வலையும் வைத்திருப்பவனுக்குக் கரையே முற்றம். மறுபுறத்தில், வேலையில்லா இளைஞர் பலரும் அவ்வூரிலேயே இருக்கின்றனர். இதற்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் விடை காணுமுன் மண்ணை அறிதல் வேண்டும்; மணலில் யாது உளது, எவ்வளவு உளது, எடுத்தால் கடல் யாது செய்யும், கிணற்றுநீர் யாதாகும், வருவாய் யாரைச் சேரும் என்பவற்றை ஊராரின் பிள்ளைகளே அளந்து கூறவல்லராதல் வேண்டும். அறியாதவன் கொடுப்பதும் நட்டம். அறியாதவன் மறுப்பதும் நட்டம்.

ஆனந்தர் இரு கணக்குகளை எழுதினார் என்றோம். ஒன்று நிலத்தின் செல்வம். மற்றொன்று மக்களின் செல்வம். இரண்டையும் ஒருங்கே எழுதவல்ல மாணவரை எமது கல்லூரி தருமாக. புவிப்பௌதிகம் பயின்று எண்ணெயும் எரிவாயுவும் தேடும் தொழிலுக்குச் செல்வோரும், அணுசத்தி ஆய்வுக்குச் செல்வோரும், தம் ஊர்க் கரையில் ஒரு பிடி மணலை அள்ளி நோக்கிய நாளை மறவாதிருப்பாராக. தோவரோக் குன்றைப் பற்றி எழுதிய அச்சிறுவனைப் போல, பனிச்சங்கேணிக் களப்பைப் பற்றியும் கதிரவெளிக் கரையைப் பற்றியும் எம் மாணவர் ஒருவர் இக்கல்லூரியின் அடுத்த மலரில் எழுதுவாராயின், இக்கட்டுரையை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.

கலாயோகியின் புகழ் நிலவுக. கல்லூரி நீடு வாழ்க.